ஜாக் ரஸ்ஸல் டெரியர்: சின்ன நாய்தானே, ஃபிளாட்ல வச்சுக்கலாமா?

11 பிப்ரவரி 2024 | கேள்வி, மதுரையிலிருந்து

மூணாவது மாடி ஃபிளாட், ரெண்டு பெட்ரூம். நானும் மனைவியும் வேலைக்குப் போறோம். பையன் யுகேஜி. அம்மா வீட்லதான் இருக்காங்க. லேப்ரடார் ஆசை, இடம் பத்தாது. ஒருத்தர் ஜாக் ரஸ்ஸல் குட்டி காட்டினார். "அஞ்சு கிலோதான் வரும் சார், பொம்மை மாதிரி ஒரு மூலைல கிடக்கும், முடி வெட்டுற வேலை இல்லை, பராமரிப்பே கிடையாது"ன்னார். குட்டிக்கு நாப்பது நாள் ஆச்சாம், இந்த வாரமே எடுத்துக்கச் சொல்றார். வளர்க்கிறவங்க சொல்லுங்க, வாங்கலாமா?

11 பிப்ரவரி 2024, இரவு | ரோஸி வீடு, திருச்சி

தம்பி, அட்வான்ஸ் எதுவும் குடுத்துடாதீங்க. நாப்பது நாள் குட்டியைத் தாய்கிட்டேருந்து பிரிக்கக் கூடாது. 2017ல மத்திய அரசு போட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிப்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விக்கவே கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கூடப் பிறந்த குட்டியைக் கடிச்சு, அது வீல்னு கத்தி, விளையாட்டு நின்னு போயி, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு குட்டி கத்துக்கிறது இந்த வாரங்கள்லதான். ஜாக் ரஸ்ஸலுக்கு இந்தப் பாடம் ரொம்ப அவசியம். அங்க படிக்காம வந்தா உங்க பையன் கைல படிக்கும்.

மூலைல கிடக்கும்னு சொன்னவர் இந்த நாயை வீட்டுக்குள்ள வச்சு வளர்த்திருக்க மாட்டார். எங்க ஜாக் ரஸ்ஸல் ரோஸி அஞ்சரைக் கிலோ. வயலூர் ரோட்டுல வாய்க்கால் ஓரமா தனி வீடு எங்களுக்கு, பின்னாடி தென்னையும் வாழையும். இந்த இடமே அவளுக்குப் பத்தலை. விடியக்காலைல பால்காரர் வண்டிச் சத்தத்துக்கு எழுந்தான்னா மாடிப்படி, மொட்டை மாடி, கொல்லைன்னு ஒரு ரவுண்டு முடிச்சுட்டுத்தான் எங்களை எழுப்ப வருவா.

முடி விஷயத்துலயும் அவர் சொன்னது சரியில்லை. வழவழன்னு குட்டை முடிதான், வெட்ட வேண்டியதில்லை. ஆனா வருஷம் முழுக்க உதிரும். அந்த வெள்ளை முடி கறுப்பு பேன்ட்ல குத்திக்கிட்டு நிக்கும், தட்டினாப் போகாது.

12 பிப்ரவரி 2024

"சின்ன உருவத்துக்கு ஏங்க்கா இவ்வளவு வேகம்?"னு கோவைலேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அதுக்கு இந்த நாய் எதுக்காகப் பிறந்துச்சுன்னு தெரியணும்.

இங்கிலாந்துல டெவன் பக்கம் ஜான் ரஸ்ஸல்னு ஒரு பாதிரியார். 1795ல பிறந்து 1883ல இறந்தவர். நரி வேட்டைன்னா உயிர். ஆக்ஸ்ஃபோர்டுல படிக்கும்போது 1819ல ஒரு பால்காரர்கிட்ட டிரம்ப்ங்கிற வெள்ளைப் பெட்டை டெரியரை வாங்கினார். இந்த வம்சமே அதுலேருந்துதான். பெரிய வேட்டை நாய்ங்க துரத்தும், நரி ஓடி வளைக்குள்ள ஒளிஞ்சுக்கும். அப்ப இந்தச் சின்ன நாயை உள்ளே விடுவாங்க. உள்ளே போய் நரியை நேருக்கு நேர் பார்த்து விடாம குரைச்சு வெளியே தள்ளணும், கொல்லக் கூடாது. நரின்னு நினைச்சு வேட்டை நாய் கடிச்சிடாம இருக்கத்தான் வெள்ளை நிறமாப் பார்த்து வளர்த்தாங்க. மார்புக்கூடு நரி வளைக்குள்ள நுழையற அளவுக்கு இருக்கணும். இன்னைக்கும் நாய்க் கண்காட்சியில நடுவர் முன்னங்காலுக்குப் பின்னாடி ரெண்டு கையாலயும் மார்பை வளைச்சுப் பிடிச்சுப் பார்ப்பாரே, அதுக்குத்தான்.

கொஞ்சம் யோசிங்க. மண்ணுக்கு அடியில இருட்டுல தனியா நிக்கிற நாய்க்கு எசமான் குரல் கேக்காது. முன்னாடி போறதா நிக்கிறதான்னு அதுதான் முடிவு பண்ணணும். மேல இருக்கிறவங்களுக்கு எங்க இருக்கோம்னு தெரியணும்னா குரைக்கணும். வழி அடைச்சிருந்தா தோண்டணும். குரைக்குது, தோண்டுது, சொன்ன பேச்சு கேக்கலைன்னு நாம சொல்ற மூணு புகாருமே இருநூறு வருஷமா பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த குணங்கள். அதுங்களைத் திட்டி நிறுத்த முடியாது. அதுக்கு வேற வேலை கொடுத்தாதான் நிக்கும்.

இன்னொண்ணு. இப்ப நாம பார்க்கிற குட்டைக் கால் ஜாக் ரஸ்ஸலை வளர்த்து ஒழுங்குபடுத்தினது ஆஸ்திரேலியாக்காரங்க. நாய் இனங்களைப் பதிவு பண்ற உலக அமைப்பு (எஃப்.சி.ஐ.) 2000லயும், இங்கிலாந்துச் சங்கமான கென்னல் கிளப் 2016லயும் இதைத் தனி இனமா ஏத்துக்கிச்சு. உயரம் 25லேருந்து 30 சென்டிமீட்டர், அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோங்கிறது எடைக் கணக்கு. அதைவிட நெட்டையா இருந்தா அது பார்சன் ரஸ்ஸல், தனி இனம். நம்மூர் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவோட தலைமை அலுவலகம் சென்னைலதான். சர்ட்டிஃபிகேட் இருக்குன்னு சொன்னா அங்க பதிஞ்ச காகிதமான்னு பாருங்க. காகிதத்தைவிட, தாய் நாயைக் கண்ணால பார்க்காம குட்டி வாங்காதீங்க.

15 பிப்ரவரி 2024

நான் எழுதினதைப் படிச்சுட்டு "அப்ப வேணாம்னு சொல்றீங்க"ன்னு முடிச்சுட்டீங்க தம்பி. அப்படி இல்லை. ஃபிளாட்ல நல்லா வளர்ற ஜாக் ரஸ்ஸலும் இருக்கு. சதுர அடியைவிட, காலைலயும் சாயங்காலமும் யார் அதோட வெளியே போவாங்கங்கிறதுதான் கேள்வி. உங்க அம்மா பாவம், மூணு மாடி இறங்கி ஏற முடியுமா? நீங்க ரெண்டு பேரும் ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தா, பூட்டின வீட்டுக்குள்ள அது தனக்குன்னு ஒரு வேலை கண்டுபிடிச்சுக்கும். சோபா, கதவு நிலை, கேஸ் டியூப், எதுவா வேணா இருக்கும்.

நாளைக்கு ஒரு மணி நேர நடை, கூடவே மூக்குக்கு வேலை. இது ரெண்டும் உறுதின்னா வாங்குங்க.

மூக்குக்கு வேலைன்னா பெருசா ஒண்ணும் இல்லை. பழைய துண்டை விரிச்சு, கோழித் துணுக்கைத் தூவி, இறுக்கிச் சுருட்டிப் போடுங்க. பிரிச்சு எடுக்க நேரமாகும். காய்ஞ்ச இலைக் குவியல்ல ஒரு வேளைச் சாப்பாட்டை இறைச்சு விடுங்க. நான் தேங்காய்ச் சிரட்டை ஆறேழைக் கவுத்து வச்சு ஒண்ணுக்கு அடியில மட்டும் முட்டை வைப்பேன். ரோஸி எல்லாத்தையும் தட்ட மாட்டா. வரிசையா மோந்துகிட்டே வந்து, சரியான சிரட்டை முன்னாடி நின்னு என்னைப் பார்ப்பா. இப்படிப் பத்து நிமிஷம் தேடினாலே நல்லாக் களைச்சிடுவா, அப்புறம் ரெண்டு மணி நேரம் தூக்கம்தான்.

3 மார்ச் 2024

நாகர்கோவில்லேருந்து ஒரு அண்ணா கேட்டது: "வீட்டைச் சுத்தி எலித் தொல்லை. இந்த நாய் பிடிக்குமா?"

பிடிக்கும். நல்லாவே பிடிக்கும். அதுல இருக்கிற ஆபத்தையும் சேர்த்துச் சொல்றேன்.

எங்க துவைக்கிற கல்லுக்குக் கீழே பெருச்சாளி வளை வச்சிருந்துச்சு. ரோஸி முதல்ல வளை வாயில மூக்கைச் சொருகி மூச்சை இழுத்து இழுத்து விட்டா, மண் தூள் பறந்துச்சு. நேரா அங்கயே தோண்டுவான்னு நினைச்சேன். இல்லை. தலையை எடுத்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்னு, ஒரு காதை மட்டும் சாய்ச்சுத் தரையைக் கேட்டா. அங்கதான் தோண்டினா. முன்னங்கால் ரெண்டும் மாறி மாறிப் போகுது, மண் வயித்துக்கு அடியால பின்னாடி வாழை மேல அடிக்குது. குறுக்க ஒரு தென்னை வேர் வந்துச்சு, கடைவாய்ப் பல்லால கடிச்சு அறுத்துத் துப்பிட்டு மறுபடி தோண்டல். வாலைத் தவிர ஒண்ணும் தெரியலை. திடீர்னு உள்ளேருந்து ஒரு உறுமல். பெருச்சாளி முதுகு மயிரைச் சிலிர்த்துக்கிட்டு உறுமும், கேட்டவங்களுக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் பிடரியைக் கவ்வி வெளியே இழுத்து ஒரே உதறல். முடிஞ்சது. என் மாமியார் அன்னைலேருந்து அவளுக்குத் தனியா முட்டை அவிக்கிறாங்க.

ஆனா அண்ணா, பெருச்சாளியும் சும்மா விடலை. ரோஸி மேலுதட்டுல கடிபட்டுக் கிழிஞ்சிருந்துச்சு. கழுவி மருந்து போட்டு, டாக்டர்கிட்ட காட்டி ஆன்டிபயாடிக் எடுத்தோம். எலிக் கடியைவிட எலி மூத்திரம்தான் மோசம். எலிக்காய்ச்சல்னு சொல்றோமே, அந்த லெப்டோ கிருமி நாய்க்கும் வரும், நாய்கிட்டேருந்து நமக்கும் வரும். கல்லீரல், சிறுநீரகம் ரெண்டையும் அடிக்கும். டெரியர் வச்சிருக்கிறவங்க லெப்டோ தடுப்பூசியை வருஷா வருஷம் தவறாமப் போடணும். டாக்டர்கிட்ட போகும்போது "இந்த ஊசியில லெப்டோ சேர்ந்திருக்கா?"ன்னு வாயைத் திறந்து கேளுங்க.

4 மார்ச் 2024

நேத்து எழுத விட்டுப்போனது, இதுதான் எல்லாத்தையும்விட முக்கியம். எலி பிடிக்கிற நாய் இருக்கிற வீட்ல எலி மருந்து வைக்கவே கூடாது. அக்கம்பக்கத்துலயும் சொல்லி வைங்க. மருந்து தின்ன எலியை நாய் தின்னாலும் ஆபத்துதான்.

கட்டி கட்டியா வர்ற மருந்து ரத்தத்தை உறைய விடாது. தின்ன அன்னைக்கு நாய் நல்லா விளையாடும். மூணு நாலு நாள் கழிச்சுதான் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், உள்ளேயே ரத்தம் கசியும். வைட்டமின் கே1 இதுக்கு மாற்று மருந்து, வாரக்கணக்குல குடுக்கணும். நாய் நல்லாத்தானே இருக்குன்னு காத்திருக்காதீங்க. கறுப்புப் பொடியா வர்ற மருந்து, அதாவது ஜிங்க் பாஸ்பைடு, வயித்துல அமிலம் பட்டதும் விஷ வாயுவா மாறும், வாயில பூண்டு வாடை அடிக்கும். அதுக்குப் பால், சோறு எதுவும் குடுக்காம ஓடணும். உப்புக் கரைச்சு ஊத்தி வாந்தி எடுக்க வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு. அஞ்சு கிலோ நாய்க்கு அந்த உப்பே எமன். மருந்து டப்பாவைக் கையோட டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க, அவருக்கு அதுதான் பெரிய உதவி.

28 ஏப்ரல் 2024

பிப்ரவரியில ஒரு மணி நேர நடைன்னு எழுதினேன். இந்த வெயிலுக்கு அது ஆகாது, மாத்திக்கோங்க. திருச்சியில இப்பவே 40 டிகிரி தாண்டுது. அக்னி நட்சத்திரம் முடியற வரைக்கும் ஆறு மணிக்குள்ள காலை நடையை முடிச்சிடுங்க, சாயங்காலம் இருட்டினப்புறம் போங்க. நேரத்தைப் பாதியாக் குறைச்சுட்டு, மிச்சத்துக்கு வீட்டுக்குள்ள சிரட்டை விளையாட்டு. ரோட்டுல புறங்கையை வச்சுப் பாருங்க, அஞ்சு நொடி வைக்க முடியலைன்னா நாயோட பாதத்துக்கும் முடியாது.

இந்த நாய்க்கு நிறுத்தத் தெரியாது. பந்து போட்டுக்கிட்டே இருந்தா நாக்கு தொங்கத் தொங்க ஓடும். நாமதான் பந்தை எடுத்து ஒளிச்சு வைக்கணும். நாக்கு அகலமா விரிஞ்சு, ஈறு செக்கச்செவேல்னு ஆகி, தள்ளாடினா வெயில் தாக்கிடுச்சுன்னு அர்த்தம். நாய்க்குச் சாதாரண உடம்புச் சூடு 38லேருந்து 39 டிகிரி, 41 தாண்டினா உயிருக்கு ஆபத்து. குழாய்த் தண்ணியை உடம்பு முழுக்க ஊத்தி ஃபேன் அடியில வைங்க. ஈரத் துண்டைப் போத்தி விடாதீங்க, சூடு உள்ளேயே தங்கிடும். கொஞ்சம் தணிஞ்சதும் ஆஸ்பத்திரி.

ரோஸிக்கு வயித்துலயும் காது ஓரத்துலயும் தோல் ரோஸ் நிறம், முடி கம்மி. வெயில்ல மல்லாந்து படுத்தா சிவந்து உரியுது. மதியத்துல மொட்டை மாடிக் கதவு பூட்டியே இருக்கும்.

19 மே 2024

லீவுக்கு நாத்தனார் பிள்ளைங்க வந்திருக்காங்க, அதனால குழந்தைங்க பத்தி.

ஜாக் ரஸ்ஸல் குழந்தைங்களோட நல்லா ஒட்டும். மரியாதை தெரிஞ்ச குழந்தைங்களோட. வாலை இழுத்தா, மேல சாஞ்சா, தூங்கும்போது தூக்கினா பொறுத்துக்காது. லேப்ரடார் பத்து தடவை பொறுக்கும், இது ரெண்டாவது தடவையே எச்சரிக்கும். எங்க வீட்ல பிள்ளைங்களுக்குச் சொல்லி வச்சிருக்கிறது இவ்வளவுதான்: தட்டுல மூக்கு இருந்தா கிட்டப் போகாதே, அவ படுக்கைல இருந்தா கூப்பிடு, தூக்காதே. எதையாவது கவ்விக்கிட்டா பிடுங்காதே, வேற ஒண்ணைக் காட்டி மாத்திக்கோ. "விடு"ங்கிற சொல்லைக் குட்டியிலேயே இப்படிப் பழக்கிட்டா பின்னாடி சண்டையே வராது. உதட்டை நக்குறது, முகத்தைத் திருப்பிக்கிறது, உடம்பு கல்லா இறுகுறது, இதெல்லாம் உறுமலுக்கு முன்னாடி வர்ற சொல். உறுமினா அடிக்காதீங்க. அடிச்சா அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

அஞ்சு வயசுக்குக் கீழே பிள்ளை இருந்தா கொஞ்சம் தள்ளிப் போடலாம்ங்கிறது என் கருத்து. மதுரைத் தம்பி, உங்க பையன் வயசு எல்லைக் கோட்டுல இருக்கு.

22 மே 2024

சாப்பாடு. ஆறு கிலோ நாய்க்கு நாளைக்கு ஏறத்தாழ 400 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்ல இருபது கலோரிக்கு மேல இருக்கு. வீட்ல அஞ்சு பேரும் காப்பி குடிக்கும்போது ஆளுக்கு ஒண்ணு போட்டா அங்கயே நாள் கணக்குல கால்வாசி போச்சு. குட்டை நாய்க்கு முட்டிச் சில்லு விலகுற தொல்லை உண்டு, எடை கூடினா அது மோசமாகும். ஓடும்போது நடுவுல ஒரு பின்னங்காலை மட்டும் தூக்கிக்கிட்டு நொண்டி, அப்புறம் ஒண்ணுமே நடக்காதது போல ஓடுதுன்னா அதைத்தான் காட்டணும். வழுக்குற டைல்ஸ்ல கோணிச் சாக்கு, மிதியடி போட்டு வைங்க.

நாங்க குடுக்கிறது காலைல நாய் உணவு, ராத்திரி உப்பில்லாம வேக வச்ச கோழி, கொஞ்சம் சோறு, பூசணியோ கேரட்டோ. தயிர் கொஞ்சம் ஒத்துக்குது. வெந்த கோழி எலும்பு வேணாம், ஊசியா உடையும். வெங்காயம், சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல வர்ற சைலிட்டால், இதெல்லாம் நாய்க்கு விஷம்னு எல்லாருக்கும் தெரியும். திராட்சை பலருக்குத் தெரியலை. சர்க்கரைப் பொங்கல்ல கிடக்கிற உலர் திராட்சை கூட சிறுநீரகத்தை முடக்கிடும். திராட்சையில இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் காரணமா இருக்கணும்னு அமெரிக்காவுல விஷமுறிவு மருத்துவர்கள் 2021ல எழுதினாங்க. அதே அமிலம் நம்ம புளியில நிறைய இருக்கு. சாம்பார் சாதம், புளிசாதம் போட்டுத்தான் எங்க தெரு நாயெல்லாம் வளர்ந்துச்சுன்னு சொல்லுவீங்க. தெரு நாய்க்குச் சிறுநீரகம் எப்ப போச்சுன்னு யாரும் பார்க்கிறதில்லை. நான் புளியை முழுசா நிறுத்திட்டேன்.

16 ஜூன் 2024

கொஞ்சம் வேற பேச்சு. அப்பா காலத்து இசைத்தட்டு ஒண்ணைப் பரண்லேருந்து எடுத்தேன். எச்.எம்.வி. கம்பெனி தட்டு, அது மேல கிராமபோன் குழாய் முன்னாடி தலையைச் சாய்ச்சு உக்காந்திருக்கிற வெள்ளை நாய் படம். ரோஸி புதுச் சத்தம் கேட்டா தலையைச் சாய்க்கிறது அச்சு அசல் அதேதான்! அந்த நாய் பேர் நிப்பர். 1884ல பிரிஸ்டல்ல பிறந்தது. சிலர் ஜாக் ரஸ்ஸல் கலப்புங்கிறாங்க, சிலர் ஃபாக்ஸ் டெரியர் கலப்புங்கிறாங்க. வீட்டுக்கு வர்றவங்க காலைப் பின்னாலேருந்து கவ்வுமாம். ஃபிரான்சிஸ் பாரோங்கிற ஓவியர் அந்தப் படத்தை வரைஞ்சப்ப அது உயிரோட இல்லை, 1895லயே போயிடுச்சு. தமிழ்நாட்டுல டெரியர்னு பேர் தெரியாமலே மூணு தலைமுறை வீடுகள்ல ஒரு டெரியர் இருந்திருக்கு. கல்யாண வீட்டு ரேடியோ செட்டுக்காரங்ககிட்டகூட.

11 ஆகஸ்ட் 2024

எழுதி ரொம்ப நாளாச்சு. ரோஸிக்கு உண்ணிக் காய்ச்சல். இப்ப தேறிட்டா.

அறிகுறி சொல்றேன், உங்களுக்கு உதவும். முட்டையை மோந்துட்டுத் திரும்பிப் போனா. கூப்பிட்டா வால் மட்டும் ஆடுச்சு. ஈறைத் தூக்கிப் பார்த்தேன், வெளுத்திருந்துச்சு. மல்லாக்கப் புரட்டினேன், அடிவயித்து ரோஸ் தோல்ல குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடின்னா தடிச்சிருக்கும், இது தடவினா சமமா இருந்துச்சு. விரலால அழுத்தினாலும் மறையலை. அது தோலுக்கு அடியில ரத்தம் கசியறது. ரத்தப் பரிசோதனையில, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் அடியோட குறைஞ்சிருந்துச்சு. எர்லிக்கியாங்கிற, உண்ணி பரப்புற கிருமி. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். நாலாவது நாள்லேயே துள்ளி எழுந்துடும், அதுக்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. வெறும் வயித்துல குடுக்காதீங்க, வாந்தி வரும். மூத்திரம் காப்பி டிகாக்ஷன் நிறத்துல போனா அது பபீசியாவா இருக்கலாம், உண்ணி பரப்புற இன்னொரு கிருமி, அதுக்கு வேற மருந்து.

உண்ணியை எங்க தேடணும்? முதுகைத் தடவிட்டு இல்லைன்னு சொல்லாதீங்க. கால் விரல் இடுக்கு, காது மடிப்புக்குள்ள, கழுத்துப் பட்டைக்கு அடியில, வால் அடியில. டெரியர் புதருக்குள்ள மூக்கை விடாம இருக்காது, அதனால கண் இமை ஓரத்தையும் பாருங்க. எடுக்கும்போது நசுக்காதீங்க, சாமணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. இந்தப் பழுப்பு உண்ணி தன் ஆயுசுல பெரும்பகுதியை நாய் மேல கழிக்கிறதே இல்லை. சுவர் வெடிப்பு, கதவு நிலைச் சந்து, நாய்ப் படுக்கை மடிப்பு, அங்கதான் ஆயிரக்கணக்குல முட்டை. நாய்க்கு மட்டும் மருந்து போட்டுட்டு வீட்டை விட்டா மறுபடி வரும். நாங்க வெடிப்பெல்லாம் சிமென்ட் வச்சு அடைச்சோம்.

மண்ணெண்ணெய் தேய்க்கச் சொன்னவங்களுக்கு: தோல் வெந்துடும், நக்கினா நுரையீரல் போயிடும். வேணவே வேணாம்.

12 ஆகஸ்ட் 2024

உண்ணி வராம இருக்கக் குடுக்கிற மாத்திரை பத்திக் கேட்டிருந்தீங்க. மாசத்துக்கு ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வகை இருக்கு, எடை பார்த்து டாக்டர் எழுதுவார். வலிப்பு வந்த நாய்னா முதல்லயே சொல்லிடுங்க. கழுத்துல ஊத்துற சொட்டு மருந்துல பெர்மெத்ரின் இருந்தா, வீட்ல பூனை இருக்கிறவங்க தொடாதீங்க. நாய்க்கு ஒண்ணும் ஆகாது, பூனை செத்துடும்.

பூனைன்னதும் ஞாபகம் வருது. குட்டியிலேயே பூனையோட வளர்ந்த ஜாக் ரஸ்ஸல் அந்தப் பூனையோட மட்டும் சமாதானமா இருக்கும். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது. முயல், வெள்ளெலி, லவ் பேர்ட்ஸ் வீட்ல இருந்தா இந்த இனமே வேணாம்.

3 நவம்பர் 2024

தீபாவளி கடந்துச்சு. ஜன்னல் சாத்தின உள்ளறை, ஃபேன் முழு வேகம், கட்டிலுக்கு அடியில அவளே தேர்ந்தெடுத்த மூலை, கூட யாராவது ஒருத்தர். கழுத்துப் பட்டைல போன் நம்பர். வெடிச் சத்தத்துல ஓடிப் போற நாய்ங்கதான் அடுத்த நாள் அத்தனை வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டோவா வருது. மயக்கமாக் கிடக்க மருந்து குடுக்கலாமான்னு கேக்குறாங்க. உடம்பு மட்டும் அசையாம மனசுக்குள்ள பயம் அப்படியே இருக்கிற மருந்துகளும் உண்டு, அதனால ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடுங்க.

மழைக்காலம் வேற. விறகு அடுக்குல நேத்து ஒரு சாரைப் பாம்பு. ரோஸி அதை மறிச்சுக்கிட்டு நின்னு குரைச்ச குரைப்புல எதிர்வீட்டுக்காரரே ஓடி வந்துட்டார். சாரையாப் போச்சு. இந்த நாய் நல்ல பாம்பைப் பார்த்தாலும் இதையேதான் செய்யும், பின்வாங்காது. அதனால கூப்பிட்டதும் திரும்பி வர்றதை மட்டும் தினமும் பழக்குறேன். விசிலுக்கு வந்தா கோழி ஈரல், மத்த எதுக்கும் ஈரல் கிடையாது.

பாம்பு கடிச்சிட்டா கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, நடக்க விடாதீங்க, தூக்கிக்கிட்டு ஓடுங்க. மனுஷங்களுக்குப் போடுற அதே விஷமுறிவு ஊசிதான் நாய்க்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே ஊசி. உங்க ஊர்ல எந்தக் கால்நடை ஆஸ்பத்திரியில அது இருப்புல இருக்கு, ராத்திரி திறந்திருக்குமான்னு இப்பவே போன் பண்ணிக் கேட்டு எழுதி ஒட்டி வைங்க. தேரையைக் கவ்விட்டு நுரை தள்ளினா, தலையைக் கீழே சாய்ச்சு ஈரத் துணியால ஈறையும் நாக்கையும் துடைச்சுக்கிட்டே இருங்க, தண்ணி தொண்டைக்குள்ள போகக் கூடாது.

26 ஜனவரி 2025

சேலத்துலேருந்து ஒரு அக்கா எழுதினதைப் படிச்சு மனசு கேக்கலை. அஞ்சு வயசு ஜாக் ரஸ்ஸல், ஒரு கண்ணு சிவந்து நீலம் பாரிச்சிருக்கு, ரெண்டு நாள் சொட்டு மருந்து போட்டுப் பார்த்திருக்காங்க, பார்வை போயிடுச்சு.

இந்த இனத்துல வர்ற பரம்பரைக் கோளாறு அது. கண்ணுக்குள்ள லென்ஸைப் பிடிச்சிருக்கிற நார்கள் அறுந்து லென்ஸ் நழுவிடும். பெரும்பாலும் மூணுலேருந்து எட்டு வயசுக்குள்ள. முன்பக்கம் நழுவினா கண் அழுத்தம் ஏறி ஓரிரு நாள்ல பார்வை போகும். ஒரு கண்ல வந்தா இன்னொண்ணும் வரிசைல இருக்கு. கண்ணைச் சுருக்கிறது, தண்ணி வழியறது, சிவப்பு, பளபளப்பு மங்குறது, எதுவா இருந்தாலும் அன்னைக்கே போகணும். அக்கா, மத்த கண்ணைக் காப்பாத்த வழி இருக்கு. கண் அழுத்தம் அளக்கிற கருவி உள்ள இடமாப் போங்க. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லேருந்து இருக்கு, உங்களுக்கு நாமக்கல் கல்லூரி கிட்ட. இதுக்கு மரபணுச் சோதனை உண்டு. குட்டி வாங்கும்போது தாய் தகப்பனுக்கு அந்தச் சோதனை பண்ணியாச்சான்னு கேக்கிற முதல் ஆளா நாம இருந்தாதான் விக்கிறவங்க பண்ணுவாங்க.

மத்தபடி இது திடமான இனம். இங்கிலாந்துல ராயல் வெட்னரி காலேஜ் 2022ல வெளியிட்ட ஆயுள் கணக்குல 18 இனங்கள்ல ஜாக் ரஸ்ஸல்தான் முதல், சராசரி 12.72 வருஷம். பிரெஞ்சு புல்டாக் 4.53. அதைப் படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு, கூடவே பொறுப்பும். யுகேஜி படிக்கிற பையனுக்கு வாங்கினா அவன் காலேஜ் போற வரைக்கும் வீட்ல இருக்கும்.

9 மார்ச் 2025

மதுரைத் தம்பி மறுபடி எழுதியிருக்கார். குட்டி வாங்கலை. வெளிநாடு போற குடும்பம் ஒண்ணு மூணு வயசு ஆண் ஜாக் ரஸ்ஸலைத் தர்றாங்களாம். மனைவிக்கு இப்ப வீட்லேருந்தே வேலை, காலை நடை அவர், சாயங்காலம் மனைவி.

எடுத்துக்கோங்க தம்பி. மூணு வயசுல குணம் தெரிஞ்சிடும், அதுதான் பெரிய லாபம். உங்க பையனோட ரெண்டு மூணு தடவை அந்த வீட்டுக்கே போய்ப் பழக விடுங்க. பையன் உக்காந்திருக்கட்டும், நாயே வந்து மோந்து பார்க்கட்டும். தட்டுல சாப்பாடு இருக்கும்போது அது எப்படி நடந்துக்குதுன்னு அவங்களையே காட்டச் சொல்லுங்க. பழைய படுக்கைத் துணியைத் துவைக்காம வாங்கிட்டு வாங்க, அந்த வாடை இருந்தா முதல் ராத்திரி அழுகை குறையும். பால்கனிக் கம்பி இடைவெளியை இன்னைக்கே அளந்து வலை அடிச்சிடுங்க. தலை நுழைஞ்சா உடம்பும் நுழையும், மூணாவது மாடின்னு அதுக்குத் தெரியாது. முதல் மாசம் வெளியே போனா கழுத்துப் பட்டை வேணாம், மார்ப்பட்டை போடுங்க, பின்னாடி நகர்ந்து பட்டையை உருவிக்கிட்டு ஓடுறதுல இந்த இனம் ரொம்பக் கெட்டி.

ஊசி அட்டையைக் கையோட வாங்கிக்கோங்க. ரேபிஸ், லெப்டோ ரெண்டும் எந்தத் தேதில போட்டதுன்னு பாருங்க. மாநகராட்சியில லைசென்ஸ் விசாரிங்க. மூணு வயசு ஆச்சு, அதனால முதல் செக்கப்புலேயே கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிடுங்க.